பிரசவத்துக்குக் கணவர் துணை: கோபிக்குப் போகும் முன் இருவரும் பழக வேண்டியவை

கேட்டிருப்பவருக்கு முதல் பிள்ளை, ஏழாம் மாதம். குடியிருப்பது திருப்பூர். கணவர் பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். அம்மா வீடு கோபி (கோபிசெட்டிபாளையம்) பக்கம். ஒன்பதாம் மாதம் கட்டுச்சோறு (கர்ப்பிணியை அம்மா வீட்டுக்கு அனுப்பும் சடங்கு) முடிந்ததும் அங்கே போய்விடுவார். முடிந்தவரை சுகப்பிரசவம் ஆக வேண்டும், வலி நேரத்தில் கணவர் கூடவே இருக்க வேண்டும் என்று இருவருக்கும் ஆசை. அம்மாவோ "ஆம்பளைக்கு அங்க என்ன வேலை" என்கிறார். எப்படித் தயாராவது, அவர் என்ன செய்ய வேண்டும், ரத்தத்தைப் பார்த்து மயங்கி விழுந்துவிட்டால் என்ன பண்ணுவது என்று கேட்டிருக்கிறார்.

நான் ஈரோடு மாவட்டத்தில் பிரசவ வார்டு ஸ்டாஃப் நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். இப்போது தேடி வருகிற ஜோடிகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள் அம்மிணி. முடிந்தால் அவரையும் பக்கத்தில் உட்காரவைத்துப் படியுங்கள்.

அம்மா சொல்வதில் அவர் காலத்து நியாயம் இருக்கிறது. அவர் உங்களைப் பெற்ற லேபர் வார்டில் நாலைந்து மேசைகள் வரிசையாகக் கிடந்திருக்கும், நடுவே ஒரு திரைச்சீலைகூட இருந்திருக்காது. அங்கே ஒரு ஆண் வந்து நின்றால் மற்ற பெண்கள் என்ன செய்வார்கள்? அதற்கும் முந்தி, வீட்டிலேயே பிரசவம் பார்த்த நாளில், மருத்துவச்சியும் அம்மிச்சியும் (அம்மாவின் அம்மா) உள்ளே இருப்பார்கள், ஆண்கள் திண்ணையில். ஆனால் அப்போதுகூட வலிக்காரியைத் தனியாக விட்டதில்லை. முதுகைத் தேய்க்க ஒருத்தி, கையைப் பிடிக்க ஒருத்தி என்று ஆள் இருந்துகொண்டே இருக்கும். பெண்ணைத் தனியே படுக்கப்போட்டுவிட்டு உறவு முழுவதையும் வராந்தாவில் நிறுத்தியது ஆஸ்பத்திரிப் பிரசவம் வந்த பிறகு உண்டான பழக்கம்.

அந்தப் பழக்கத்தால் நட்டம்தான் என்று இப்போது தெளிவாகத் தெரிந்துவிட்டது. 2017இல் காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பு வெளியிட்ட தொகுப்பு, 17 நாடுகளில் 15,000க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த 26 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. வலி தொடங்கியது முதல் விடாமல் ஒரு துணை கூட இருந்த பெண்களுக்குச் சுகப்பிரசவம் கூடுதலாக ஆனது, வலி நேரம் குறைந்தது, சிசேரியன் குறைந்தது, வலி மருந்து கேட்டவர்களும் குறைவு. கணவரை உள்ளே கொண்டுவருவது மேல்நாட்டிலும் ஒன்றும் பழைய வழக்கமில்லை. 1950களில் பிரான்ஸில் லாமாஸ் என்ற மருத்துவர் மூச்சுப் பயிற்சியைப் பரப்பினார். அமெரிக்காவில் பிராட்லி என்ற மருத்துவர், கணவரே பயிற்சியாளராக இருந்து மனைவியை நடத்திச் செல்லலாம் என்று ஆரம்பித்தபோது அங்கேயும் உங்கள் அம்மா கேட்ட கேள்வியைத்தான் கேட்டார்கள்.

ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான். பழகாமல் வந்து நிற்கிற கணவரால் பெரிதாக ஒரு பிரயோசனமும் இல்லை. நிறையப் பேரைப் பார்த்திருக்கிறேன். ஆசையாக உள்ளே வருவார்கள், முதல் பெரிய வலியில் மனைவி கத்தியதும் முகம் வெளுத்துவிடும். "சிஸ்டர், ஏதாவது பண்ணுங்க, ஏதாவது பண்ணுங்க" என்று எங்களைத்தான் துரத்துவார்கள். அவர் பயம் அவளுக்கு ஏறும். பயம் ஏறினால் அட்ரினலின் சுரக்கும், அது வலியைக் கொண்டுவரும் ஆக்சிடோசினை அமுக்கும். வலி கூடும், கர்ப்பப்பை வாய் திறப்பது மட்டும் நின்றுபோகும். அந்த இடத்தில் பிள்ளை பெற்று அனுபவப்பட்ட ஒரு பெரியம்மா இருந்தால் எவ்வளவோ தேவலை. ஆகவே அவர் உள்ளே வருவது உரிமையா இல்லையா என்று அம்மாவோடு வாதாடுவதை விட்டுவிட்டு, அந்த வேலையை அவர் கற்றுக்கொள்ளட்டும். கற்றுக்கொண்டதை அம்மாவே கண்ணால் பார்த்தால் பாதிப் பேச்சு அடங்கிவிடும்.

அடுத்து ஆஸ்பத்திரி. இது கட்டுச்சோறுக்கு முன்னாலேயே முடிவாக வேண்டும். எட்டாம் மாதம் வரை திருப்பூரில் ஒரு டாக்டர், பிறகு கோபியில் முன்பின் தெரியாத இன்னொரு டாக்டர் என்று நம் பக்கத்தில் நடப்பதுதான் பெரிய தொல்லை. இந்த மாதமே இருவரும் சேர்ந்து கோபிக்கு ஒரு நடை போய், பிரசவம் பார்க்கப்போகிற டாக்டரை நேரில் பாருங்கள். கணவர் லேபர் ரூமுக்குள் வரலாமா, எந்த நேரத்திலிருந்து வரலாம், தனி அறையா, வலி நேரத்தில் நடக்க விடுவார்களா, கஞ்சியும் தண்ணீரும் குடிக்கலாமா என்று கேளுங்கள். பிள்ளை வர வழிவிடப் பிறப்புறுப்பின் வாயை வெட்டித் தையல் போடுவதை எல்லோருக்கும் செய்கிறார்களா, தேவைப்பட்டால் மட்டுமா என்றும் கேளுங்கள். எல்லோருக்கும் வழக்கமாக வெட்டுவது, எனிமா கொடுப்பது, மேலிருந்து வயிற்றை அழுத்திக் குழந்தையைத் தள்ளுவது ஆகிய எதையும் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பதில்லை. நிதானமாகப் பதில் சொல்கிறவரா, "அதெல்லாம் நாங்க பார்த்துக்குவோம்" என்று வாயை அடைக்கிறவரா என்பது அந்தப் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். ஒரு கணக்கும் சொல்கிறேன். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 100 பிரசவத்தில் ஏறத்தாழ 45 சிசேரியன். தனியாரில் 64, அரசு ஆஸ்பத்திரிகளில் 36. இதை வைத்து எந்த டாக்டரையும் சந்தேகப்படச் சொல்லவில்லை. உங்கள் ஆஸ்பத்திரியில் முதல் பிள்ளைக்கு எத்தனை பேருக்கு நார்மல் ஆகிறது என்று கேட்பதில் தப்பில்லை, அவ்வளவுதான்.

அரசு ஆஸ்பத்திரி என்றால் நிலைமை வேறு. 2016இல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல் பிரசவத் துணையை அனுமதிக்கச் சொல்கிறது. துணை பொதுவாகப் பெண்ணாக, தானும் பிள்ளை பெற்றவராக இருப்பது நல்லது. மறைவு வசதி இருக்கும் இடத்தில் கணவரையும் விடலாம் என்பது அதன் சாரம். நடைமுறையில் மேசைகள் பக்கம் பக்கமாக இருக்கிற வார்டில் கணவரை விட மாட்டார்கள், அதைக் குறை சொல்லவும் முடியாது. அப்படியானால் ஆஸ்பத்திரி வாசல் வரை கணவர், உள்ளே அம்மா என்று வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள். அப்போது அம்மாவும் அதே பயிற்சியைப் பழக வேண்டும். 'நான் பெத்தவதானே, எனக்குத் தெரியாதா' என்று சொல்லித் தப்பிக்க விடாதீர்கள். எதுவானாலும் பிக்மி எண் (கர்ப்பத்தை அரசிடம் பதிவு செய்தபோது கொடுத்த எண்), ஸ்கேன் ரிப்போர்ட், ரத்தப் பரிசோதனைச் சீட்டு, ஆதார் எல்லாம் ஒரே பையில் கோபிக்குப் போக வேண்டும். அந்த எண் பிறப்புச் சான்றிதழுக்கும் வேண்டும்.

தூரத்தைப் பற்றி அதிகம் கவலைப்படாதீர்கள். குன்னத்தூர் வழியாக வந்தால் ஒன்றரை மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். முதல் பிள்ளைக்கு வலி தொடங்கியதும் ஒரு மணி நேரத்தில் பிறந்துவிடுவதெல்லாம் அபூர்வம். தொல்லை தூரத்தில் இல்லை, அவர் கம்பெனியின் ஷிப்மெண்டில்தான் (சரக்கு அனுப்பும் அவசரத்தில்தான்) இருக்கிறது. தனியார் கம்பெனியில் பிள்ளை பெறப்போகும் தகப்பனுக்கு லீவு கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. ஆகவே அவர் இப்போதே மேலாளரிடம் சொல்லிவைத்து, 38ஆம் வாரத்திலிருந்து எந்த நேரம் போன் வந்தாலும் கிளம்புவேன், என் ஆர்டர்களை இன்னார் பார்ப்பார் என்று ஏற்பாடு செய்துவிட வேண்டும். டியூ டேட்டன்று லீவு போட்டுவிட்டு வந்து உட்காருவது வீண். அந்தத் தேதியிலேயே பிறக்கிற பிள்ளைகள் 100க்கு நாலைந்துதான். தலைப்பிள்ளை அதைத் தாண்டிப் போவது சாதாரணம்.

உடம்பைத் தயார் செய்வது பற்றி நீங்கள் ஏற்கனவே நிறையப் படித்திருப்பீர்கள், அதனால் வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ரத்தத்தில் ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் குறையக் கூடாது. இரும்புச்சத்து மாத்திரையை டீயோடு விழுங்காமல் எலுமிச்சைச் சாற்றோடு சாப்பிடுங்கள். தினமும் அரை மணி நேரம் நடை. குத்துக்காலிட்டு உட்கார்ந்து எழுவது, சம்மணம் போட்டு உட்காருவது, கை கால் ஊன்றி முதுகை வளைப்பது, இவை போதும். ஆனால் நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருக்கிறது என்றோ, கர்ப்பப்பை வாயின் நீளம் குறைந்திருக்கிறது என்றோ டாக்டர் சொல்லியிருந்தால் இவற்றில் எதையும் கேட்காமல் செய்யாதீர்கள். 'அந்தக் காலத்தில் ஆட்டுக்கல் ஆட்டினார்கள், அதனால் எல்லாருக்கும் சுகப்பிரசவம்' என்பார்கள். ஆட்டினவர்களில் பிரசவத்தில் செத்துப்போனவர்கள் எத்தனை பேர் என்பதை மட்டும் சொல்ல மாட்டார்கள். பேரீச்சம்பழம் கடைசி மாதத்தில் நல்லது, சர்க்கரை இருந்தால் கேட்டுச் சாப்பிடுங்கள். 35ஆம் வாரத்திலிருந்து பிறப்புறுப்பின் கீழ்ப்பகுதியைச் சுத்தமான தேங்காய் எண்ணெய் தொட்டு மெதுவாக நீவி விரித்துவிட்டு வந்தால், முதல் பிரசவத்தில் வெட்டும் தையலும் குறையும். விளக்கெண்ணெய் குடித்தால் வலி வரும் என்று யாராவது கொண்டுவந்தால் வாங்கி அலமாரியில் வைத்துவிடுங்கள், குடிக்காதீர்கள். வயிற்றுப்போக்கில் ஓய்ந்துபோய்ப் பிரசவ அறைக்கு வருகிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும்.

இனி நீங்கள் கேட்ட முக்கியமான விஷயம், அவர் என்ன பழக வேண்டும் என்பது. கட்டுச்சோறு வரை உங்களுக்குக் கையில் இருப்பது எட்டு வாரம் என்று வையுங்கள். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு இருபது நிமிடம், டிவியை அணைத்துவிட்டு.

முதலில் மூச்சு. வித்தைகள் எதுவும் வேண்டாம். மூக்கு வழியாக உள்ளே இழுங்கள், வாய் வழியாக நீளமாக வெளியே விடுங்கள். வெளியே விடுவதுதான் முக்கியம். கபடிக்காரர் ஒரே மூச்சில் பாடிக்கொண்டே எதிர்ப்பக்கம் போய்த் திரும்புவார் பாருங்கள், அந்த மாதிரி வெளிமூச்சு முழுவதும் "ஊ" என்றோ "ம்ம்" என்றோ அடித்தொண்டையில் ஒரு சத்தத்தோடு போக வேண்டும். தாடை தளர்ந்திருக்க வேண்டும். கீச்சென்று மேல் குரலில் கத்தினால் தோளும் தாடையும் இறுகும், கீழேயும் இறுகும். வலியில்லாத உடம்பில் இதைப் பழகுவது எளிது என்பதால் கையில் ஒரு ஐஸ் கட்டியை ஒரு நிமிடம் பிடித்துக்கொண்டு பழகுங்கள். அவர் எதிரே உட்கார்ந்து அவரும் அதே வேகத்தில் மூச்சு விடட்டும். அன்றைக்கு நீங்கள் தாளம் தப்பும்போது "மூச்சு விடு, மூச்சு விடு" என்று அவர் அதட்ட வேண்டியதில்லை. உங்கள் முகத்துக்கு நேரே வந்து அவர் பாட்டுக்கு விட ஆரம்பித்தால் போதும், நீங்கள் தானாகச் சேர்ந்துகொள்வீர்கள்.

அடுத்து இடுப்பு. இதை நன்றாகக் கவனியுங்கள், ஏனென்றால் பேச்சைவிடக் கைதான் அன்றைக்கு உதவும். நீங்கள் கட்டிலைப் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்து நில்லுங்கள். முதுகெலும்பு முடிந்து பிட்டம் பிரிகிற இடத்துக்குக் கொஞ்சம் மேலே தட்டையாக ஓர் எலும்பு தட்டுப்படும். வலி வரும்போது அவர் உள்ளங்கையின் அடிப்பாகத்தை அங்கே வைத்து நேராக அழுத்த வேண்டும். தேய்ப்பதில்லை, அழுத்துவது. இன்னொரு கையால் உங்கள் இடுப்பு முன்பக்கத்தைப் பிடித்துக்கொண்டால் நீங்கள் தள்ளாட மாட்டீர்கள். கைப்பலத்தில் அழுத்தினால் பத்து வலியில் மணிக்கட்டு விட்டுப்போகும். முழங்கையை மடக்காமல், ஒரு காலை முன்னே வைத்து, உடம்பின் பாரத்தைச் சாய்க்க வேண்டும். அந்த நேரத்துக்கு நீங்கள் கேட்கிற அழுத்தம் அவருக்குப் பயமாக இருக்கும். "இவ்வளவு பலமாவா" என்பார். ஆமாம், அவ்வளவு பலமாகத்தான். இன்னொன்று, இரண்டு உள்ளங்கையையும் பிட்டத்தின் இரு பக்கமும் வைத்து உள்நோக்கியும் கொஞ்சம் மேல்நோக்கியும் அமுக்குவது. இதனால் இடுப்பெலும்பின் கீழ்ப்பகுதி கொஞ்சம் விரிந்துகொடுக்கும், குழந்தையின் தலை முதுகுப்பக்கம் திரும்பியிருந்து குறுக்கு ஒடிகிற வலி வருபவர்களுக்கு இது பெரிய ஆறுதல். எந்த இடம், எவ்வளவு பலம் என்று இப்போதே சொல்லிச் சொல்லி அவர் கைக்குப் பழக்கிவிடுங்கள். அன்றைக்கு வாயைத் திறந்து விளக்கமாகச் சொல்ல உங்களால் முடியாது.

மூன்றாவது, பேச்சைக் குறைப்பது. வலி ஏறும்போது கேள்வி கேட்கக் கூடாது. "தண்ணி வேணுமா, சாயறயா, ஃபேன் போடட்டுமா" என்று அடுக்கினால் எரிச்சல்தான் வரும். டம்ளரை வாயருகே நீட்டினால் போதும், வேண்டுமென்றால் குடிப்பீர்கள், வேண்டாமென்றால் தட்டிவிடுவீர்கள். தட்டிவிட்டால் அவர் கோபித்துக்கொள்ளக் கூடாது. வலி நேரத்தில் மனைவி கிள்ளுவாள், திட்டுவாள், "எல்லாம் உன்னாலதான்" என்பாள். எத்தனையோ மாமன்மார் அதைக் கேட்டு வெளியே போய் நின்றுகொண்டதைப் பார்த்திருக்கிறேன்.

கோபிக்குப் போன பிறகும் இதை விட்டுவிடாதீர்கள். ராத்திரி வீடியோ காலில் மூச்சைச் சேர்ந்து விடலாம். சனிக்கிழமை அவர் வருகிற நாளில் அம்மா பார்க்கிற மாதிரியே இடுப்பு அழுத்திப் பழகுங்கள். கூச்சமாகத்தான் இருக்கும். மாப்பிள்ளைக்கு விருந்து சமைப்பதிலேயே அந்த ஒரு நாள் ஓடிப்போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டியது உங்கள் பொறுப்பு.

வலி நாளன்று எப்படிப் போகும் என்று இருவரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். முதலில் சூட்டு வலியா நிஜ வலியா என்ற குழப்பம் வரும். நடந்து பார்த்து, வெந்நீரில் குளித்து, படுத்துப் பார்த்தால் சூட்டு வலி அடங்கும். நிஜ வலி அடங்காது, இடைவெளி குறைந்துகொண்டே வரும், ஒவ்வொன்றும் முந்தியதைவிட நீளும். கர்ப்பப்பை வாய் 5 சென்டிமீட்டர் திறக்கும் வரையான முதல் கட்டம் முதல் பிள்ளைக்கு அரை நாளும் ஆகும், ஒரு நாளும் ஆகும். சுகப்பிரசவத்தைக் கெடுத்துக்கொள்கிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் கெடுத்துக்கொள்கிறார்கள். முதல் சுருக்கென்ற வலியிலேயே ஓடிவந்து அட்மிட் ஆகி, ராத்திரி முழுக்கத் தூங்காமல், பத்துப் பேர் மாறி மாறி "இன்னும் ஆகலையா" என்று கேட்க, காலையில் நிஜ வலி வரும்போது தெம்பே இருக்காது. அந்த நேரம் வீட்டில் இருங்கள். கொஞ்சம் அரிசிம்பருப்புச் சாதமோ இட்லியோ சாப்பிடுங்கள், மோர் குடியுங்கள், தூக்கம் வந்தால் தூங்குங்கள். அவருக்குப் போன் போட்டுக் கிளம்பச் சொல்லுங்கள், அவசரப்படாமல் வரச் சொல்லுங்கள். ஒறம்பரைக்கு (உறவுக்காரர்களுக்கு) யாரும் போன் போட வேண்டாம்.

ஐந்து நிமிடத்துக்கு ஒரு வலி, ஒவ்வொன்றும் ஒரு நிமிடம், இப்படியே ஒரு மணி நேரம் தொடர்ந்தால் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பலாம். பனிக்குடம் உடைந்தால், குறிப்பாகத் தண்ணீர் பச்சையாக இருந்தால், இந்தக் கணக்கெல்லாம் பார்க்காமல் உடனே போக வேண்டும். ரத்தம் போனாலோ, குழந்தை அசைவு குறைந்தாலோ, பலமான தலைவலியோடு கண் மங்கினாலோ, 37 வாரத்துக்கு முன்பே வலி வந்தாலோ அதேதான். வண்டி இல்லையென்றால் 108.

5 சென்டிமீட்டருக்கு மேல் வலி வேகம் பிடிக்கும். மணிக்கு ஒரு சென்டிமீட்டர் திறந்தே ஆக வேண்டும் என்ற பழைய கணக்கை உலக சுகாதார நிறுவனம் 2018இலேயே கைவிட்டுவிட்டது. அம்மாவும் குழந்தையும் நன்றாக இருந்தால் மெதுவாகத் திறப்பது மட்டுமே சிசேரியனுக்குக் காரணமாகாது. இந்த நேரத்தில் மல்லாந்து படுக்காதீர்கள். நடங்கள், அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்குங்கள், கை கால் ஊன்றுங்கள், களைத்தால் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை சிறுநீர் கழிக்கக் கூட்டிப்போவதை அவர் நினைவில் வைத்திருக்கட்டும். நிறைந்த சிறுநீர்ப்பை குழந்தையின் தலை இறங்குவதைத் தடுக்கும், வலியில் உங்களுக்கு அந்த உணர்வே இருக்காது.

பிறகு ஒரு கட்டம் வரும், ஏழெட்டு சென்டிமீட்டர் இருக்கும்போது. கை கால் நடுங்கும், வாந்தி வரும், ஒரு வலி முடியும் முன் அடுத்தது ஏறும். அதுவரை நன்றாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தவள் திடீரென்று கணவர் சட்டையைப் பிடித்து, "மாமா, என்னால முடியலீங், அறுத்து எடுத்துரச் சொல்லுங்" என்பாள். இந்த வார்த்தையை நான் கேட்காத பிரசவமே குறைவு. அனுபவமுள்ள நர்ஸுகளுக்கு அது நல்ல சகுனம், இன்னும் கொஞ்சம்தான் என்று அர்த்தம். தெரியாத கணவருக்கு அது இடி. உடனே ஓடிப்போய் டாக்டரிடம், "எவ்வளவு செலவானாலும் பரவாயில்லீங், ஆபரேஷன் பண்ணிருங்" என்பார். ஆகவே இதை இப்போதே பேசி வையுங்கள். அந்த நேரம் அவர் சொல்ல வேண்டியது, "அடுத்த ஒரு வலி மட்டும் பார்ப்போம்" என்பது. அதற்கடுத்து இன்னொன்று. நிஜமாகவே வலி மருந்து வேண்டும் என்றால் சொல்ல ஒரு தனி வார்த்தையை இருவரும் வைத்துக்கொள்ளுங்கள், 'பவானிசாகர்' என்று எதையாவது. புலம்பலில் தற்செயலாக வராத வார்த்தையாக இருக்க வேண்டும். அந்த வார்த்தையைச் சொன்னால் அவர் ஒரு கேள்வியும் கேட்காமல் டாக்டரிடம் போய் எபிடூரல் (முதுகில் போடுகிற வலி மரப்பு ஊசி) கேட்க வேண்டும். எபிடூரல் வாங்கினால் தோற்றுப்போனதாக அர்த்தமில்லை. இருபது மணி நேரம் தூங்காதவளுக்கு அது இரண்டு மணி நேரத் தூக்கம் கொடுத்துப் பிறகு நார்மலாகவே பெறவைத்ததையும் பார்த்திருக்கிறேன்.

முழுதாகத் திறந்த பிறகு முக்கத் தோன்றும்போது முக்குங்கள். முதல் பிள்ளைக்கு இது மூன்று மணி நேரம் வரைகூடப் போகலாம். தலை தெரியும்போது நர்ஸ் "முக்காதே, ஊது" என்பார். அப்போது நாய் இளைப்பதுபோல் சின்னச் சின்ன மூச்சு விட வேண்டும், தோல் கிழியாமல் தலை மெதுவாக வரும். எரிகிற மாதிரி இருக்கும், அது ஒரு நிமிட வேலை.

டாக்டர் ஏதாவது செய்ய வேண்டும் என்று சொன்னால் கணவர் சண்டைக்கு நிற்கக் கூடாது, தலையாட்டிக் கையெழுத்துப் போடவும் கூடாது. இது எதற்கு, செய்வதால் என்ன தொந்தரவு வரலாம், வேறு வழி உண்டா, ஒரு மணி நேரம் பொறுத்தால் என்ன ஆகும் என்று மரியாதையாகக் கேட்கலாம். "இப்போது கேள்வி கேட்க நேரமில்லை, குழந்தையின் துடிப்பு குறைகிறது" என்று பதில் வந்தால் அப்போதே கையெழுத்துப் போட்டுவிட வேண்டும். இந்த இடத்தில் கொள்கை பேசுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. கொடி சுற்றியிருக்கிறது என்று ஸ்கேனில் வந்தால் மட்டும் பதறாதீர்கள். நாலைந்து பிள்ளைகளில் ஒன்று கழுத்தில் கொடியோடுதான் பிறக்கிறது, நர்ஸ் அதை விரலால் எடுத்துவிட்டுக்கொண்டே பிரசவம் பார்ப்பார். (தாய்மாமனுக்கு ஆகாது என்று எண்ணெயில் முகம் பார்க்கச் சொல்வதெல்லாம் வேறு கதை. பார்த்துக்கொள்ளட்டும், யாருக்கும் நட்டமில்லை.) ஸ்கேனில் சொல்கிற குழந்தை எடையும் தோராயம்தான். ஜோசியர் குறித்துக்கொடுத்த நேரத்துக்கு 37, 38 வாரத்தில் அறுத்து எடுக்கச் சொல்கிற மாமனார் இருந்தால், 39 வாரத்துக்கு முன் காரணமில்லாமல் எடுத்த குழந்தைக்கு மூச்சுத் திணறல் வர வாய்ப்பு கூடுதல் என்று உங்கள் கணவர்தான் அவரிடம் பேச வேண்டும். மருமகள் பேசினால் எடுபடாது.

இயற்கைப் பிரசவம் என்றதும் வீட்டிலேயே பெற்றுக்கொள்ளலாம் என்று யாராவது காதில் ஓதுவார்கள், அதனால் இதையும் சொல்ல வேண்டும். 2018 ஜூலையில் உங்கள் திருப்பூரிலேயே, யூடியூப் பார்த்து வீட்டில் பிரசவம் பார்க்க முயன்ற வீட்டில் ஒரு இளம் தாய் ரத்தப்போக்கில் இறந்துபோனார். கணவர் கைதானார். அன்பில்லாத கணவர் என்று யாரும் சொல்ல முடியாது. துணையாகக் கூடவே இருந்தவர்தான். அடுத்த மாதமே கோவையில் வீட்டுப் பிரசவத்துக்குப் பயிற்சி கொடுப்பதாக விளம்பரம் செய்த ஒருவரும் கைதானார். பிள்ளை பிறந்த பிறகு கர்ப்பப்பை சுருங்காமல் போனால் சில நிமிடங்களில் உயிர் போகிற அளவு ரத்தம் கொட்டும், யாருக்கு அப்படி ஆகும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. அதற்காகத்தான் குழந்தை வெளியே வந்ததும் தாய்க்கு ஓர் ஆக்சிடோசின் ஊசி போடுகிறோம். மருந்தே வேண்டாம் என்ற ஆசையில் அந்த ஒரு ஊசியை மட்டும் மறுக்காதீர்கள்.

பிறந்த முதல் ஒரு மணி நேரத்தில் கணவருக்கு இன்னொரு வேலை, வாசல் காப்பது. குழந்தையைத் துடைத்து உங்கள் நெஞ்சில் போட்டுவிடச் சொல்லுங்கள். தொப்புள் கொடியை ஒரு நிமிடமாவது கழித்து வெட்டச் சொல்லிக் கேட்கலாம். அந்த மணிக்குள் சீம்பால் குடிக்க வேண்டும். சர்க்கரைத் தண்ணீரோ தேனோ கழுதைப்பாலோ சேனை தொட்டுவைக்க வரும் பெரியவர்களை, "டாக்டர் ஆறு மாசம் வரைக்கும் தாய்ப்பால் மட்டும்தான்னு சொல்லிட்டாருங்" என்று டாக்டர் மேல் பழியைப் போட்டு அவரே நிறுத்திவிடலாம். அப்பாரு ஆத்தா (தாத்தா பாட்டி) மனம் கோணாமல் இருக்க, பிள்ளையை முதலில் அவர்கள் கையில் கொடுத்துவிட்டால் சரியாகிவிடும்.

கடைசியாக மயக்கம். லேபர் ரூமில் மயங்கி விழுகிற ஆண்கள் பெரும்பாலும் ரத்தத்தைப் பார்த்து விழுவதில்லை. முந்தின ராத்திரியிலிருந்து சாப்பிடாமல், புழுக்கத்தில் முழங்காலை விறைப்பாக வைத்து நின்றுகொண்டே இருப்பதால் விழுகிறார்கள். ஆகவே அவர் நேரத்துக்குச் சாப்பிட வேண்டும். பையில் கடலை மிட்டாயும் மோரும் உங்களுக்கு மட்டுமில்லை. முக்குகிற நேரத்தில் அவர் இடம் உங்கள் தலைமாடு, ஒரு ஸ்டூல் போட்டு உங்கள் முகத்தைப் பார்த்து உட்காரட்டும். கீழே என்ன நடக்கிறது என்று எட்டிப்பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. எபிடூரல் ஊசியோ தையலோ போடும்போது சுவரைப் பார்க்கலாம். கண் இருட்டினால் வெட்கப்பட்டுக்கொண்டு கதவைத் தேடிப் போகக் கூடாது, போகிற வழியில்தான் விழுவார்கள். இருந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொள்ள வேண்டும். நர்ஸுக்கு இரண்டு கைதான், அதுவும் உங்களுக்கு வேண்டும். அதனால் அம்மாவை வாசலிலேயே இருக்கச் சொல்லுங்கள். கணவர் எழுந்து தண்ணீர் குடித்து முகம் கழுவிவிட்டு வரும் வரை அம்மா அந்த ஸ்டூலில் உட்காரட்டும்.